கடலில் கொட்டிய எண்ணெயும் வெயிலில் சூடாகும் ஸ்பொஞ்சும்



கடலில் கப்பல் எண்ணெய் கொட்டினால் அதை எப்படி அள்ளுவது, அதற்கு வெயில் எப்படி உதவும் என்பதுதான் இன்றைய உரையின் பொருள். நான் கணக்காளன். விஞ்ஞானம் என் தொழில் அல்ல. ஆனாலும் இந்த விடயத்தை வாசிக்க வாசிக்க, இதில் விஞ்ஞானத்துக்கு இணையாகக் கணக்கும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கடற்கரை ஊர்களில் இருந்து வந்தவர்கள் எங்களில் பலர். கடலை நம்பிப் பிழைக்கும் சொந்தங்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஆகவே இது எங்களுக்குத் தூரத்துச் சங்கதி அல்ல.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி அதிகாலை, சென்னைக்கு வடக்கே எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய பி.டபிள்யூ. மேப்பிள். மற்றது பெற்றோலியப் பொருட்களுடன் உள்ளே வந்துகொண்டிருந்த டோன் காஞ்சிபுரம். பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஓரிரு நாளில் எர்ணாவூர் பக்கக் கரையில் கற்களுக்கிடையே கன்னங்கரிய தார் போல எண்ணெய் வந்து ஒதுங்கத் தொடங்கியது. கடலாமைகள் செத்து ஒதுங்கின. மீன் வாங்க ஆட்கள் பயந்தார்கள்.

அடுத்து நடந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மாநகராட்சி, கழிவு உறிஞ்சும் பெரிய லொறிகளைக் கொண்டுவந்தது. தடித்த எண்ணெய் குழாய்களில் ஏற மறுத்தது. கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் கரையோரக் காவல்படையினரும் வரிசையாக நின்று, வாளிகளால் அள்ளிக் கைமாற்றிக் கைமாற்றி அந்தக் கரிய கூழைக் கரையேற்றினார்கள். விண்ணுக்கு ரொக்கெட் விடுகிற நாட்டில் வாளியால் எண்ணெய் அள்ளுகிறார்கள் என்று பலர் கேலி பேசினார்கள். எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை. உறிஞ்ச முடியாத அளவுக்குத் தடித்த ஒன்றை, அந்த நேரத்தில் கையில் இருந்ததைக் கொண்டு அள்ளினார்கள். ஏன் அது உறிஞ்ச முடியாததாக இருந்தது என்பதுதான் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

குளிர்காலத்தில் எங்கள் வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அது கட்டியாகிவிடும். போத்தலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. சுடுதண்ணீருக்குள் வைத்தால் இளகி ஓடும். கப்பலின் இயந்திரத்துக்கு எரிபொருளாகும் கன எண்ணெய் அப்படி ஒரேயடியாக உறைவதில்லை. ஆனால் குளிரக் குளிரப் பாணி போலவும், பிறகு தார் போலவும் தடிக்கும். இந்தத் தடிப்பைப் பாகுத்தன்மை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும்.

அதற்கு ஓர் அளவு இருக்கிறது. தண்ணீரின் பாகுத்தன்மையை ஏறத்தாழ 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்களில் பெருமளவில் பாவிக்கப்பட்டு வந்த ஒரு கன எண்ணெய் வகைக்குப் பெயரே 380. அதாவது 50 பாகை வெப்பத்தில் அதன் அளவு 380. அதே எண்ணெய் 30 பாகையில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். 10 பாகைக் கடலில் பல ஆயிரங்களுக்குப் போகும். மறுபக்கம், 80 பாகைக்குச் சூடாக்கினால் நூறை ஒட்டி இறங்கிவிடும். அதனால்தான் கப்பல்களிலேயே இந்த எண்ணெயைச் சூடாக்கித்தான் குழாயில் ஓட விடுகிறார்கள். சூடாக இருக்க வேண்டிய பொருள் கடலில் கொட்டியதும் குளிர்ந்துவிடுகிறது. போதாததற்கு அலை அதைக் கடல்நீரோடு கடைகிறது. மோரைக் கடைந்தால் வெண்ணெய் திரள்வது போல, எண்ணெயும் நீரும் கலந்து கபில நிறக் கூழாகத் திரள்கிறது. அந்தக் கூழில் பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கலாம். பருமன் மூன்று நான்கு மடங்கு ஆகும். பாகுத்தன்மையும் இன்னும் ஏறும். ஆகவே நேரம் போகப் போக, அள்ள வேண்டியதும் கூடுகிறது, அள்ளுவதும் கடினமாகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்க அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே எண்ணெய் வரவு செலவுக் கணக்கு என்ற பொருள் தருவது. வெளிவந்த எண்ணெயில் நூற்றுக்கு 17 பங்கு கிணற்று வாயிலேயே பிடிக்கப்பட்டது. 5 பங்கு எரிக்கப்பட்டது. 8 பங்கு இரசாயனம் தெளித்துச் சிதறடிக்கப்பட்டது. 16 பங்கு தானாகச் சிதறியது. 25 பங்கு ஆவியானது அல்லது கரைந்தது. 26 பங்கு மிச்சம். கடல் மேற்பரப்பிலிருந்து வழித்து அள்ளியது எவ்வளவு தெரியுமா? 3 பங்கு. இவை அவசரத்தில் போட்ட மதிப்பீடுகள், பின்னர் திருத்தப்பட்டும் இருக்கின்றன. ஆனாலும் உலகின் பணக்கார நாடு, ஆயிரக்கணக்கான படகுகளை இறக்கி, கடல் மேலிருந்து அள்ளியது அந்த அளவுதான். இந்த 3 என்ற எண்ணைக் கூட்டுவதற்குத்தான் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் புதிய உறிஞ்சு பொருட்களைத் தேடுகிறார்கள்.

உறிஞ்சு பொருள் என்பது புதிதல்ல. வைக்கோல், மரத்தூள், தலைமயிர், பறவை இறகு எல்லாமே எண்ணெயைப் பிடிக்கும். 2020 ஜூலை 25 இல் வகாஷியோ என்ற கப்பல் மொரீசியஸ் தீவின் பவளப்பாறையில் ஏறியது. ஓகஸ்ட் 6 இல் இருந்து எண்ணெய் கசிந்து, ஏறத்தாழ 1,000 தொன் கடலில் கலந்தது. தமிழ் வம்சாவளியினரும் வாழும் அந்தத் தீவில், மக்கள் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, மிதப்பதற்கு வெற்றுப் போத்தல்களைக் கட்டி, நீண்ட தடுப்புகளைச் செய்து கடலில் விட்டார்கள். அது பெரிய காரியம். ஆனால் சோகை தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கும். ஊறியதும் கனத்துவிடும். அதைப் பிழிந்து திரும்பப் பாவிப்பதும் இலேசல்ல.

ஸ்பொஞ்ச் இங்கேதான் வருகிறது. சுவர்க்கறை தேய்க்கக் கடைகளில் வெள்ளை நிற ஸ்பொஞ்ச் வாங்குவோம் அல்லவா, அது மெலமைன் என்ற பொருளால் ஆனது. அதன் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம்தான். ஒரு கனமீற்றர் ஸ்பொஞ்ச் 10 கிலோ அளவுதான் நிறுக்கும். அப்படியே கடலில் போட்டால் தண்ணீரைக் குடித்துத் தாழ்ந்துவிடும். அதன் இழைகளுக்கு நீரை விலக்கும் பூச்சு ஒன்றைக் கொடுத்தால், சேம்பு இலையில் தண்ணீர் ஒட்டாதது போல அதில் கடல்நீர் ஒட்டாது, எண்ணெய் மட்டும் உள்ளே போகும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போலத்தான் இதுவும். மெல்லிய எண்ணெய் என்றால் நொடிகளில் ஏறும். தார் போன்ற எண்ணெய் என்றால் திரி இழுக்காது. ஸ்பொஞ்சின் மேற்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தென்ன, தொண்டையில் இறங்க வேண்டுமே.

சீன விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யூ ஷூ-ஹொங் தலைமையிலான குழு 2017 இல் இதற்கு ஒரு வழி காட்டியது. ஸ்பொஞ்சின் இழைகளுக்குக் கிராபீன் என்ற மெல்லிய கரிப்படலத்தைச் சுற்றினார்கள். கிராபீன் மின்சாரம் கடத்தும். மின்சாரம் கொடுத்ததும் ஸ்பொஞ்ச் சூடாகியது, தொட்ட எண்ணெய் இளகியது, உள்ளே ஏறியது. சூடாக்காத ஸ்பொஞ்ச் எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டால் உறிஞ்சும் நேரம் ஏறத்தாழ 95 சதவீதம் குறைந்தது. அதாவது நூறு நிமிட வேலை ஐந்து நிமிடத்தில். இதே குழு 2014 இல், இப்படியான ஸ்பொஞ்சுக்குள் குழாயைச் செருகிப் பம்பியால் இழுத்தால், ஒருபக்கம் எண்ணெய் ஏறிக்கொண்டிருக்க மறுபக்கம் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கலாம் என்றும் காட்டியிருந்தது.

ஆனால் நடுக்கடலில் மின்சாரத்துக்கு எங்கே போவது? அடுத்த கேள்வி அதுதான். 2018 ஆம் ஆண்டளவில் சீனாவிலும் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வாளர்கள் வெயிலைப் பிடித்தார்கள். கறுப்புச் சட்டை போட்டு வெயிலில் நின்றால் உடம்பு எரிகிறதல்லவா? அதே விதிதான். நுண்ணிய கரிக்குழாய்களையோ வேறு கரும்பொருட்களையோ ஸ்பொஞ்சுக்குப் பூசி வெயிலில் வைத்தால், அது வெளிச்சத்தை விழுங்கி வெப்பமாக்குகிறது. மேற்பரப்பு சூடாகிறது, பக்கத்தில் உள்ள எண்ணெய் இளகுகிறது, ஸ்பொஞ்ச் குடிக்கிறது. எரிபொருள் செலவு இல்லை, கம்பி இல்லை.

இது உண்மையில் சாத்தியமா என்று நானே ஒரு கடுதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சி வெயில் ஒரு சதுர மீற்றரில் நொடிக்கு ஏறத்தாழ 1,000 ஜூல் வெப்பத்தைக் கொட்டுகிறது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் எண்ணெய் படர்ந்திருந்தால் அது ஒரு லீற்றர். அந்த ஒரு லீற்றரை 40 பாகை கூடச் சூடாக்க ஏறத்தாழ 80,000 ஜூல் வேண்டும். வெயிலில் பாதிதான் பயன்பட்டாலும், மூன்று நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். கடுதாசியில் இவ்வளவு எளிது. கடலிலோ, எண்ணெய்க்குக் கீழே குளிர்ந்த நீர் எல்லையில்லாமல் கிடக்கிறது. நாம் சேர்க்கும் வெப்பத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். காற்று வேறு ஆற்றும். ஆகவே வெப்பத்தை மேற்பகுதியிலேயே தேக்கி வைப்பதுதான் ஆய்வாளர்களின் பெரிய பாடு.

இரண்டாவது கணக்கு, பொருளுக்கானது. மொரீசியசில் கொட்டியது போல 1,000 தொன் எண்ணெய் என்று எடுத்துக்கொள்வோம். ஸ்பொஞ்ச் தன் எடையைப் போல 50 மடங்கு குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20 தொன் ஸ்பொஞ்ச் வேண்டும். 20 தொன் என்றால் சின்னத் தொகை போலத் தெரியும். ஆனால் அது 2,000 கனமீற்றர். நாற்பது அடிக் கொள்கலன்கள் 30 நிரம்பும். எண்ணெய் கூழாகி மூன்று மடங்கு பெருத்திருந்தால் அதுவும் போதாது. அதே ஸ்பொஞ்சைப் பத்துத் தடவை பிழிந்து பாவிக்கலாம் என்றால் 3 கொள்கலன் போதும். ஆகவே, எத்தனை மடங்கு குடிக்கும் என்று செய்தியில் வரும் தலைப்பை விட, எத்தனை தடவை பிழியலாம் என்பதே பெரிய எண். அமெரிக்காவில் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் வினாயக் திராவிட் குழு 2020 இல் அறிவித்த காந்தத் தன்மையுள்ள ஸ்பொஞ்ச், எடையைப் போல 30 மடங்குதான் குடிக்கிறது. ஆனால் 40 தடவைக்கு மேல் பாவிக்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்த 40 தான் கண்ணில் பட்டது.

மூன்றாவது கணக்கு, செலவுப் பக்கத்தில் யாரும் எழுதாத விடயங்கள். வெயில் இரவில் இல்லை. கப்பல்கள் பெரும்பாலும் நல்ல வெயில் பார்த்து மோதுவதில்லை. மழையிலும் புயலிலும்தான் ஆபத்து அதிகம். 2023 டிசெம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், அதே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது வெயிலை நம்பி இருக்க முடியாது. பகலில் வெயிலாலும் இரவில் மின்சாரத்தாலும் சூடாகும் ஸ்பொஞ்சுகளைப் பின்னர் சிலர் செய்து காட்டியிருப்பது இதனால்தான். அடுத்தது, எண்ணெயைச் சூடாக்கினால் அதிலுள்ள இலேசான நச்சு வாயுக்கள் விரைவாக மேலே வரும். முகமூடி இல்லாமல் பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சுக்குள் அது போகும். எண்ணூரில் இரண்டு தடவையும் வெறுங்கையோடு இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால் இது சின்ன விடயம் அல்ல. ஸ்பொஞ்ச் பிய்ந்து போனால் அதன் துணுக்குகள் கடலுக்குப் புதிய பிளாஸ்டிக் குப்பை. கடைசியாகப் பிழிய முடியாமல் போன ஸ்பொஞ்சை எங்கே புதைப்பது, யார் பொறுப்பு? கரையில் இருந்த அழுக்கைத் தூக்கி ஊருக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் போட்டால் அது துப்புரவாகாது.

நேயர்களே, இவ்வளவையும் சொன்னது இந்தக் கண்டுபிடிப்பைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. தடித்த எண்ணெய்க்கு இதுவரை எங்களிடம் இருந்தது வாளிதான். அதைவிட இது எவ்வளவோ மேல். கழிமுகம், சதுப்பு, துறைமுகத் தொட்டி, கற்களுக்கிடை போன்ற அலை குறைந்த இடங்களில், வெயில் கொளுத்தும் எங்கள் நாடுகளில், இது முதலில் கைகொடுக்கும் என்று நம்ப இடமுண்டு. நான் வாசித்தவை பெரும்பாலும் ஆய்வுகூடத்துத் தொட்டியில், விளக்கைச் சூரியனாக வைத்துச் செய்த சிறிய சோதனைகள். கையளவு ஸ்பொஞ்சில் கண்ட பலனைக் கடலளவில் காண்பதற்கு முதலீடு வேண்டும், இடம் வேண்டும், பொறுமை வேண்டும்.

இது ஏன் எங்களுக்கு முக்கியம் என்பதற்கு ஒரு திகதியைச் சொல்கிறேன். 2020 செப்டெம்பர் 3. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல், அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு நேரே கடலில் தீப்பிடித்தது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். கப்பலின் வயிற்றில் இருந்தது ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெய். 1989 இல் அலாஸ்காவைப் பாழாக்கிய எக்சன் வல்டீஸ் கப்பல் கொட்டியதே ஏறத்தாழ 37,000 தொன்தான். ஏழு மடங்கு எண்ணெய் எங்கள் கிழக்குக் கரையின் வாசலில் எரியும் கப்பலுக்குள் கிடந்தது. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல்படையும் மற்றவர்களும் நாட்கணக்கில் போராடித் தீயை அணைத்தார்கள். கப்பலின் எரிபொருள் கொஞ்சம் கசிந்ததைத் தவிர, சரக்கு எண்ணெய் கடலுக்குள் போகவில்லை. போயிருந்தால்? பொத்துவில், திருக்கோவில், கல்முனை, மட்டக்களப்பு வாவி, கரைவலை இழுக்கும் வாடிகள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். போர் தின்றது, 2004 இல் கடல் தின்றது, அதற்குப் பிறகு எஞ்சியதைக் கொண்டு எழும்பிய ஊர்கள் அவை. அன்று அந்தக் கரையில் வாளியைத் தவிர வேறென்ன இருந்திருக்கும்?

இலங்கைக்குத் தெற்கே போகும் கடல்வழி உலகிலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. அந்தப் பாதை எங்கேயும் போகப் போவதில்லை. ஆகவே இன்னொரு திகதி வராது என்று யாராலும் எழுதித்தர முடியாது.

எங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஊர்ச் சங்கங்கள் ஊடாகக் கடற்கரைக் கிராமங்களுக்கு வள்ளமும் வலையும் வாங்கிக் கொடுக்கிறோம், நல்ல காரியம். அந்தப் பட்டியலில் கையுறை, முகமூடி, முழங்கால் சப்பாத்து, உறிஞ்சு தடுப்பு கொஞ்சம் என்று ஒரு வரியைச் சேர்க்கலாம். பெரிய செலவில்லை. எங்கள் பிள்ளைகள் பலர் இங்கே இரசாயனமும் பொறியியலும் படிக்கிறார்கள். இறுதி ஆண்டு ஆய்வுக்குப் பொருள் தேடும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கறுப்பு ஸ்பொஞ்சைப் பற்றிச் சொல்லுங்கள். விலை கூடிய கிராபீனுக்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டைக் கரியால் இதைச் செய்ய முடியுமா, அலையில் எத்தனை நாள் தாங்கும் என்பவையெல்லாம் இளையவர்கள் ஆராயக்கூடிய கேள்விகள்.

இனி இப்படியான புதுமை ஒன்று பத்திரிகையில் வந்தால், எத்தனை மடங்கு குடிக்கும் என்பதோடு நிறுத்தாமல் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை தடவை பிழியலாம்? வெயில் இல்லாத நாளில் என்ன செய்யும்? கடைசியில் அது எங்கே போகும்? இந்த மூன்றுக்கும் பதில் உள்ள பொருளைத்தான் அந்தக் கரையில் நிற்கும் மனிதரின் கையில் நம்பிக் கொடுக்கலாம்.